தரணி பேருக்கு வந்த மெசேஜ்

தரணிதரன் வீடு இதுதானுங்க. நாந்தான் அவங்கம்மா, துளசிமணி. உள்ள வாங்க அம்மிணி, வெயில்ல எதுக்கு நிக்கறீங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. அவன் இங்க இல்லீங்க. எப்ப வருவான்னு கேட்டீங்கன்னா... நீங்க மொதல்ல தண்ணி குடிங்க.

ஆஸ்பத்திரி மெசேஜ் ஆபீஸ்ல இருந்து வர்றோம்னு போன்ல சொன்னீங்கல்ல, அப்பவே எனக்குத் திக்குனு ஆயிருச்சு. இருநூறு பசங்கள்ல தரணிதான் நல்லாக் கொறைச்சிருக்கான், அவனை நாலு வார்த்தை பேச வெச்சுப் பதிவு பண்ணிக்கோணும்னீங்க. நான் அப்பவே சொல்லியிருக்கலாம். பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல நின்னுட்டிருந்தேன். சூப்பர்வைசர் என்னையவே பாத்துட்டிருந்தான். அதுனால வாங்கன்னு சொல்லிப் போட்டேன். இத்தனை தூரம் பஸ் மாறி வந்துட்டீங்க.

அந்த மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டது நானுங்க. தரணி இல்ல. பன்னண்டு வாரமும் நாந்தான்.

எழுதறதை நிறுத்திட்டீங்களே. எழுதிக்கங்க, பரவால்ல. எனக்கு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.

போன வருசம் ஆடிக் கடைசி. அவன் ஓவர்லாக் டைலருங்க. திங்கக்கெழமை காலைல எட்டரைக்கு மிசின்ல உக்காந்தான்னா சனிக்கெழமை வரைக்கும் தலை நிமிர மாட்டான். அந்த ஆறு நாளும் ஒரு சொட்டுத் தொட மாட்டான். நெசமாத்தான் சொல்றேன். சனிக்கெழமை சம்பளம் கைக்கு வந்துட்டா நேரா கடைதான். நம்ம திருப்பூர்ல இது ஒண்ணும் புதுசில்லியே, நீங்களும் பாத்திருப்பீங்க. குடிக்க ஆரம்பிச்சா அளவு தெரியாதுங்க அவனுக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு நிறுத்தத் தெரியாது. இருபத்திமூணு வயசு. அன்னிக்குச் சனிக்கெழமை சாயங்காலம் பைக்கைக் கொண்டுபோய் ரவுண்டானாக் கல்லுல உட்டுட்டான். புருவத்துல அஞ்சு தையல். போன் சுக்குநூறு.

தையல் போட்டுட்டு உக்காந்திருக்கறப்ப உங்க ஆபீஸ்ல இருந்து கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்தாப்ல. "குடிக்கறதைக் கொறைக்க போன்ல மெசேஜ் அனுப்புவோம். வியாழக்கெழமை ஒண்ணு, ஞாயித்துக்கெழமை ஒண்ணு. திட்ட மாட்டோம், கேள்விதான் கேப்போம். நம்பரைத் தட்டி அனுப்புனாப் போதும்"னாப்ல. இவன் ஊசி மயக்கத்துல "செரிங்கண்ணா"ன்னு கையெழுத்துப் போட்டுட்டான். போன் நம்பர் கேட்டா, அவனுதுதான் ஒடைஞ்சு கெடக்குதே, என்ற நம்பரைச் சொன்னான். அடுத்த வாரமே புதுப் போனு, புது நம்பரு வாங்கிட்டான். உங்களுக்கு மாத்திச் சொல்லோணும்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல.

மொத வியாழக்கெழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு டொய்ங்னு வந்துச்சு. 'வணக்கம் தரணி. இந்த வாரக் கடைசியில் குடிக்கும் எண்ணம் இருக்கிறதா? ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை?' அவன் தோசை தின்னுட்டிருந்தான். "டேய், உனக்கு வந்திருக்குதுடா"ன்னு போனை நீட்டுனேன். திரும்பிக்கூடப் பாக்கல. "நீயே ஏதாச்சும் ஒரு நம்பரைப் போட்டு உடும்மா"ன்னான்.

நான் சைபர் போட்டு உட்டேன். பின்ன என்னங்க போடறது? ஆரு எவருன்னு தெரியாதவங்களுக்கு என்ற பையன் குடிகாரன்னு நானே எழுதிக் குடுப்பனா?

ஞாயித்துக்கெழமை மத்தியானம் இன்னொண்ணு வந்துச்சு. எத்தனை குடிச்சீங்கன்னு கேட்டு. அவன் இதே கட்டில்ல வாயைப் பொளந்துட்டுப் படுத்திருந்தான். ஈ மொச்சுட்டிருந்துச்சு. அப்பவும் சைபர்தான் போட்டேன். அந்த நிமிசமே பதில் வந்துச்சுங்க. 'அருமை தரணி! சொன்னபடி இருந்துவிட்டீர்கள். இது எளிதான காரியமல்ல. உங்களைப் பாராட்டுகிறோம்.'

உங்களுக்கு இது சாதாரணமாத் தெரியும். மிசின்தானே அனுப்புதுன்னு ராமாத்தாக்காகூடச் சொல்லுச்சு. என்கூட செக்கிங் டேபிள்ல நிக்கறவங்க. ஆனா அவன் பேரைப் போட்டு 'அருமை'ன்னு எழுதி நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்க. பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டெல்லாம் செவப்பு மை. அவங்கப்பா நெஞ்சுவலில போயி ஆறு வருசமாச்சு. அந்த மனுசன் குடியைத் தொட்டதில்ல. பையனை ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதும் இல்ல. நானும் அப்படித்தானுங்க. எனக்கு வாய்ல வராது. நான் அன்னிக்கு அந்த மெசேஜைப் பத்துத் தடவை படிச்சிருப்பேன்.

இப்படியே மூணு வாரம். ஒருநாள் டீ டைம்ல ராமாத்தாக்காகிட்ட படிச்சுக் காட்டறேன், அது சொல்லுச்சு: "ஏன் துளசி, பொய்யையே எழுதிட்டிருந்தா அவங்க எப்படி வைத்தியம் பாப்பாங்க? உள்ளதைப் போடு."

அதும் நாயந்தான்னு நாலாவது வாரம் உள்ளதைப் போட்டேன். அவன் பைக் பெட்டிக்குள்ள பாத்தா குவாட்டர் பாட்டல் ஒண்ணு, பீர் பாட்டல் ஒண்ணு. எப்படி எண்றதுன்னு நீங்கதான் முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தீங்களே. பாட்டல் கணக்கில்ல, அளவுக் கணக்கு: குவாட்டருக்கு ஆறு, பீருக்கு ரெண்டு. எட்டுன்னு போட்டேன். திட்டி வரும்னு நெனச்சேன். திட்டல. 'உண்மையைச் சொன்னதற்கு நன்றி தரணி. எட்டு என்பது உங்கள் உடம்புக்கு ஆபத்தான அளவு. அடுத்த வாரம் நான்குக்குள் நிறுத்திப் பார்க்கச் சம்மதமா?' அப்படின்னு வந்துச்சு. நான் சம்மதம்னு போட்டேன். அவனைக் கேக்கலீங்க. கேட்டா எரிஞ்சு உழுவான்.

அப்பறம் இன்னொண்ணு கேட்டீங்க. எதுக்காகக் கொறைக்க விரும்பறீங்க, உங்க காரணத்தை உங்க வார்த்தையில எழுதுங்கன்னு. எனக்கு எட்டாங்கிளாஸ்தான். மைக்கை அமுத்திட்டுப் பேசுனா அதுவே எழுதுமில்லீங்க, அதை ராமாத்தாக்கா மக காட்டிக் குடுத்திருந்தா. உள்ள மிசின் சத்தம். வெளிய வந்து, பனியன் பீஸ் மூட்டை அடுக்கியிருக்கற படிக்கட்டுல உக்காந்துட்டு போன்கிட்டச் சொன்னேன்: "எங்கம்மா சோத்தைப் போட்டு மூடி வெச்சுட்டு உக்காந்திருக்குது. அதுக்காக."

சொன்னேன், போயிருச்சு. அதோட மறந்துட்டேன்.

சனிக்கெழமை சாயங்காலம் அதுவாவே ஒரு மெசேஜ் வருதுங்க. 'தரணி, நீங்கள் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? எங்கம்மா சோத்தைப் போட்டு மூடி வெச்சுட்டு உக்காந்திருக்குது. அதுக்காக.'

நான் சொன்னதுதானுங்க. எனக்குத் தெரியாதா? ஆனாப் படிச்சா அவன் சொன்ன மாதிரியே இருந்துச்சு. அவன் எங்கியோ உக்காந்துட்டு என்னைய நெனச்சுட்டு ஆருகிட்டயோ சொல்லியிருக்கான், அதை அவங்க எனக்குச் சொல்றாங்கங்கற மாதிரி. அப்பறம் சனிக்கெழமை சனிக்கெழமை அதையே அனுப்புனீங்க. எனக்குச் சலிக்கலீங்க.

அதுக்கப்பறம் நான் நம்பரைக் கொஞ்சங் கொஞ்சமா எறக்குனேன். ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, கடைசில மூணு. சட்டுன்னு எறக்குனா நீங்க நம்ப மாட்டீங்கல்ல. நடுவுல ஒரு வாரம் ஏழுன்னு ஏத்துனேன். 'பரவாயில்லை தரணி, ஒரு வாரம் தவறுவது இயல்பு, மறுபடி தொடங்கலாம்'னு வந்துச்சு. மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுங்களா. ஆரோடயாச்சும் பேசோணும்னா ஒண்ணை அமுத்துங்கன்னும் போட்டிருந்தீங்க. அது மட்டும் அமுத்தலீங்க. அமுத்துனா ஆள் பேசும். பொம்பளைக் கொரலைக் கேட்டா கண்டுபுடிச்சுருவாங்கன்னு உட்டுட்டேன்.

வூட்ல இவனுது ஏறிட்டே இருந்துச்சு. பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்கு அதெல்லாம் தப்பாது. இருபது வருசமா பனியன் பாக்கறவ. ஒரு ஊசி ஓட்டை இருந்தாப் பத்தடி தள்ளி நின்னே சொல்லிருவேன். பத்து, பன்னண்டு, ஒருவாட்டி பதினாலு. பெட்டியில இருக்கற பாட்டலை எண்ணுவேன், மூடிருவேன். சோத்தைப் போட்டு வெப்பேன். அவ்வளவுதான்.

அவன்கிட்ட ஏன் சொல்லலைங்கறீங்களா? என்னன்னு சொல்றது? சொன்னா என்ன செய்வானோன்னு இருந்துச்சு. அங்க போன்ல கொறைஞ்சுட்டுத்தானே இருந்துச்சு.

ஒரு விசயம் உட்டுட்டேன். அது பெருசா ஒண்ணுமில்ல, இருந்தாலும் நீங்க எல்லாத்தையும் எழுதறீங்க, அதுனால சொல்றேன்.

தீவாளிக்கு ரெண்டு வாரம் இருக்கும். ஞாயித்துக்கெழமை காலைல வெளிய பைக் கழுவிட்டிருந்தான். மொத நாளு சனிக்கெழமை, அன்னிக்கு எங்கயும் போகலீங்க. அது அதிசயந்தான். நான் வாசல்ல வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். இவன் குனிஞ்சு செயினைத் தொடச்சுட்டே கேக்கறான். "ஏம்மா, அந்த ஆஸ்பத்திரி மெசேஜு வந்துச்சே. இன்னும் வருதா?"

"எதுக்கு?"ன்னேன்.

"சும்மாதான். எங்க கம்பெனில கட்டிங்ல ஒருத்தனுக்கு வருது. அவன் பாதியாக் கொறைச்சுட்டானாம். வந்தா என்ற நம்பருக்கு மாத்திக்கலாமான்னு பாத்தேன். போனைக் குடு, என்னதான் போட்டிருக்காங்கன்னு பாக்கறேன்."

போனு என்ற இடுப்புலதான் இருந்துச்சுங்க. அதுல அவன் பேர்ல நான் எழுதுனது எல்லாமே இருக்குது. அவன் நாலு குடிச்சேங்கறான், அஞ்சு குடிச்சேங்கறான், எங்கம்மா சோத்தைப் போட்டு வெச்சிருக்குதுங்கறான். அதை அவன் படிச்சா என்னைய என்ன நெனப்பான்? மொகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?

"அது அப்பவே நின்னு போச்சு கண்ணு"ன்னேன்.

துணியை வாளித் தண்ணில முக்கிப் புழிஞ்சான். "செரி உடு"ன்னான். மறுபடியும் செயினைத் தொடச்சான்.

அவ்வளவுதானுங்க. வெங்காயத்தை எடுத்துட்டு உள்ள வந்துட்டேன். அவன் அதுக்கப்பறம் கேக்கவே இல்ல. அன்னிக்கு மத்தியானம் மெசேஜ் வந்துச்சு. நாலுன்னு போட்டேன். சைபர்னு போட்டிருந்தா அது நெசமா இருந்திருக்கும், இல்லீங்களா? அந்த ஒரு வாரம் மட்டும். இப்பத்தான் எனக்கு அது தோணுது.

தீவாளி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை, இவனும் கூட்டாளிப் பசங்களும் அமராவதி டேமுக்குப் போனானுங்க. காலைலயே ஆரம்பிச்சிருக்காங்க. மத்தியானம் இவன் வவுத்தைப் புடிச்சுட்டுச் சுருண்டுட்டானாம். கார்ல போட்டுட்டு நேரா கோயமுத்தூருக்கே கொண்டு போயிட்டாங்க. கணையம் வீங்கிருச்சுன்னாங்க. கணையம்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரியும். இந்த வயசுல இது வரலாமான்னு கேட்டேன். "மொத்தமாக் குடிச்சா எந்த வயசுலயும் வரும்மா"ன்னாங்க டாக்டரம்மா. மூக்குல குழாய், கையில குழாய். வாய்ல பச்சத்தண்ணி குடுக்கக் கூடாது. ஒதட்டைத் துணி நனைச்சுத் தொடைக்கோணும். நான் தொடச்சுட்டே இருந்தேன். அழுதியான்னு எல்லாரும் கேக்கறாங்க. அழுகலீங்க. எனக்கு ஒண்ணும் தோணவே இல்ல. பீஸ் பாக்கற மாதிரி, அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு செஞ்சுட்டிருந்தேன்.

அந்த வியாழக்கெழமை ஆறு மணிக்கு மெசேஜ் வந்துச்சு. கடைசி மெசேஜு. 'வாழ்த்துகள் தரணி! பன்னிரண்டு வாரங்களை முடித்துவிட்டீர்கள். எட்டில் இருந்து மூன்றுக்கு வந்திருக்கிறீர்கள். இந்த வாரக் கடைசியில் அதிகபட்சம் எத்தனை?' நான் ஐசியு வாசல்ல பெஞ்சுல உக்காந்திருந்தேன். கதவுல வட்டமாக் கண்ணாடி வெச்சிருப்பாங்களே, அதுல எட்டிப் பாத்தா அவன் காலு மட்டும் தெரியும். ரெண்டுன்னு போட்டேன்.

டாக்டரம்மா ஒரு நாளு அவன்கிட்டக் கேட்டாங்க, நான் பக்கத்துல நிக்கறேன். "ஏம்ப்பா, ஆகஸ்ட்லயே உழுந்து தையல் போட்டிருக்குதே. அப்ப ஆரும் உனக்கு எடுத்துச் சொல்லலையா? இதுக்குன்னு மெசேஜெல்லாம் அனுப்பறாங்களே?" அவன் மேல சுத்தற காத்தாடியப் பாத்துட்டே, "நின்னு போச்சுங்க மேடம்"னான். நான் தலைகாணி உறையைச் செரி பண்ணிட்டிருந்தேன்.

அப்பறம் குழாயெல்லாம் எடுத்து, வார்டுக்கு மாத்துனாங்க. பதினஞ்சாவது நாளுங்க. அவன் போனை நான் வூட்லயே வெச்சுட்டு வந்திருந்தேன். "உன்ற போனைக் குடும்மா, பாட்டுக் கேக்கறேன்"னான். குடுத்துட்டுக் கஞ்சி வாங்கக் கேண்டீனுக்குப் போயிட்டேன். அதுல அந்த மெசேஜெல்லாம் இருக்கறது எனக்கு மறந்து போச்சுங்க. நெசமாலுமே மறந்து போச்சு.

கேண்டீன்ல கூட்டம். வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. வந்து பாக்கறேன், பாட்டுச் சத்தமே இல்ல. பெருவெரலால மெதுவா மேல தள்ளித் தள்ளிப் படிச்சுட்டிருக்கான். நான் கஞ்சித் தூக்குப்போசியோட நிக்கறேன். கடைசி வரைக்கும் படிச்சுட்டுப் போனை நீட்டுனான்.

"நல்லா எழுதியிருக்கீம்மா"ன்னான்.

நான் போனை வாங்கி இடுப்புல சொருகுனேன்.

"இந்தத் தரணி நல்ல பையனா இருக்கானே"ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. கோவிச்சுக்குவான், கத்துவான், வார்டே திரும்பிப் பாக்கும்னு பயந்துட்டிருந்தேன். ஒண்ணுமே சொல்லல பாருங்க. நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. கஞ்சியை வாங்கிக் குடிச்சான். ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சான். அதுக்கு மேல அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, இன்னிக்கு வரைக்கும்.

வூட்டுக்கு வந்து ஒரு மாசம் இருந்தான். கேட்டாப் பதில் சொல்லுவான். "சாப்படறியா?" "ம்." "வலிக்குதா?" "இல்ல." பொங்கல் முடிஞ்சதும் பெருந்துறைல ஒரு மில்லுல ஸ்டோர்ல வேலை கெடச்சிருக்குதுன்னு துணிமணியை எடுத்து வெச்சான். அங்கயே ரூமு. "இங்கயே எத்தனை கம்பெனி இருக்குது"ன்னேன். "இருக்குது"ன்னான். பைக்கை எடுத்தான், போயிட்டான். போயி ரெண்டு மாசமாச்சு. ஒருக்காத்தான் வந்தான், ஆதார் கார்டை எடுத்துட்டுப் போக.

ஆனாக் குடிக்கறதில்லீங்க. இனி ஒரு சொட்டு உள்ள போனா உசுருக்கு உத்தரவாதமில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவன்கூட ரூம்ல இருக்கற பையன் ராமாத்தாக்காவுக்குச் சொந்தம். அவன்தான் சொல்றான். சனிக்கெழமை எல்லாரும் கெளம்பிப் போனாலும் இவன் துவைக்கற துணியை எடுத்துட்டுப் போயிருவானாம்.

அப்பப் பாத்தா உங்க நம்பரு செரிதானுங்களே? எட்டுல ஆரம்பிச்சு ரெண்டுன்னு நான் போட்டேன். இப்ப அதுக்கும் கீழ, சைபருக்கே வந்துட்டான். வந்த வழி வேறயா இருந்தா என்னங்க? நான் போட்ட நம்பரையெல்லாம் நீங்க அடிக்கோணும்னா அடிச்சுக்கங்க. ஆபீஸ்ல உங்களை ஏதாச்சும் சொல்லுவாங்கன்னா, ஒரு படிக்காத பொம்பளை செஞ்சு போட்டான்னு சொல்லிருங்க. எனக்கு வருத்தமில்ல.

அவன் நம்பரு வேணுமா? எழுதிக்கங்க. போன்ல பேசுங்க, நல்லாப் பேசுவான். வெளியாளுங்ககிட்ட நல்லாப் பேசுவான். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த மெசேஜை அவனுக்கே நேரா அனுப்பறதுன்னாலும் அனுப்புங்க, எனக்கொண்ணும் இல்ல.

கெளம்பறீங்களா? டீ வெக்கறேன்னு சொன்னா வேண்டாங்கறீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும் அம்மிணி. அவன் நம்பரைச் சேத்துட்டு என்ற நம்பரை எடுத்துராதீங்க. வியாழக்கெழமை ஆறு மணியானா நான் போனைக் கையில எடுத்துர்றேன், பழகிப் போச்சு. ஆருகிட்டச் சொல்லோணுமோ சொல்லி, எனக்கும் அந்தப் பன்னண்டு வார மெசேஜை இன்னொருக்கா உடச் சொல்லுங்க. கேள்வி அதேதான் இருந்தாலும் பரவால்லீங்க. எத்தனைன்னு கேட்டாலும் பரவால்ல, நான் ஏதாச்சும் போட்டுர்றேன்.

பேரை மட்டும் மாத்த வேண்டாம். தரணின்னே வரட்டும்.